சித்தப்பா கட்டின வரி

2024 அக்டோபர் 2, சித்தி ஊர்ல கிராம சபை. காந்தி ஜெயந்திங்கறதால டாஸ்மாக் லீவு, ஆனா சித்தப்பாவுக்கு லீவு கிடையாதே, முந்தின நாள் சாயந்தரமே ரெண்டு குவார்ட்டர் வாங்கிட்டு வந்து மாட்டுக் கொட்டாய்ல தவிட்டு மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டாரு. அது சித்திக்கும் தெரியும், அங்க கட்டியிருக்கற மாட்டுக்கும் தெரியும். நான் அன்னிக்கு போனது வேற வேலையா. வாழப்பாடி பக்கம் எனக்கு நாலஞ்சு கடைக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறதுதான் என் பொழப்பு. ஒரு மளிகைக் கடைல பில்லுக்கும் போர்ட்டல்ல காட்டறதுக்கும் ஒத்து வரல, அதை உக்காந்து பாத்து முடிக்கறதுக்குள்ள மணி ரெண்டு. அப்படியே சாப்பாட்டுக்கு சித்தி வீட்டுக்கு போயிட்டேன்.

சித்தி அப்பதான் கிராம சபையில இருந்து வந்து, தண்ணி கூட குடிக்காம நடந்ததை சொல்லிட்டு இருந்தாங்க. ஊர் பொம்பளைங்க எல்லாம் சேந்து தலைவர்கிட்ட மனு குடுத்திருக்காங்க. பஸ் ஸ்டாப்புகிட்ட இருக்கற டாஸ்மாக் கடையை எடுக்கணும், அப்புறம் மகளிர் உரிமைத் தொகை விட்டுப்போனவங்களை எல்லாம் சேத்துக் குடுக்கணும். ரெண்டும் ஒரே தாள்ல, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி, அதுக்கு அடியில எல்லாரோட கையெழுத்தும் கைநாட்டும். சித்தப்பா ரசம் ஊத்தி பெசஞ்சுட்டே சிரிச்சாரு. "ஏம்புள்ள, கடைய மூடிட்டா உனக்கு ஆயிரம் எங்கிருந்து வரும்? நான் குடிக்கறேன், கவர்மெண்டு எடுத்துக்குது, எடுத்து உன் அக்கவுண்ட்ல போடுது. மாசாமாசம் உனக்கு ஆயிரம் குடுக்கறது நான்தான், தெரிஞ்சுக்க."

டீக்கடைல, வாட்ஸப்ல எல்லாம் நூறு வாட்டி கேட்ட பேச்சுதான் இது. ஆனா அந்த ரசம் சோத்துக்கு முன்னாடி, சித்தி நிக்கும்போது கேட்டது என்னமோ மனசுலயே தங்கிடுச்சு. சித்தி பதில் ஒண்ணும் சொல்லல. "மோர் ஊத்தவா"ன்னு மட்டும் கேட்டாங்க. வண்டியில திரும்பி வர வழியெல்லாம் எனக்கு இதேதான் ஓடுது, கணக்கு பாக்கற தொழில் பண்றவன் நானு, இந்த ஆளு சொன்னது சரியா தப்பான்னு கூட சட்டுனு சொல்லத் தெரியலையே.

கணக்கா பாத்தா

சித்தப்பாவுக்கு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில மூட்டை தூக்கற வேலை. கிழங்கு சீசன்ல ஓரளவு நல்ல காசு, மத்த நாள்ல கிடைச்சா உண்டு. அவர் வாங்கறது இருக்கறதுலயே விலை கம்மி சரக்கு, 2024 பிப்ரவரில பத்து ரூபா ஏத்தினப்பறம் குவார்ட்டர் 140. மாசத்துல இருபத்தஞ்சு நாள்னு வைங்க (மிச்ச அஞ்சு நாள் உடம்பு முடியாம படுத்திருப்பாரு), 3,500 ரூபா. இதுல ஆயத்தீர்வை, வாட்னு அடுக்கடுக்கா வரி இருக்கு, பேச்சுக்கு பாதின்னு வெச்சுக்கலாம், 1,750. சித்திக்கு வர்றது 1,000. ஆக இந்த ஒரு வீட்டை மட்டும் தனியா எடுத்து பாத்தா, சரக்கு மூலமா மட்டுமே வாங்கினதை விட 750 ரூபா கூட கட்டிட்டு இருக்காங்க. இன்னொரு கூத்து, 15ம் தேதி சித்தி ஃபோன்ல பேங்க் மெசேஜ் வந்து விழுதா, 20ம் தேதிக்குள்ள "ஒரு எரநூறு குடு புள்ள, சனிக்கெழம தந்தர்றேன்"னு சித்தப்பா வந்து நிப்பாரு. எந்த சனிக்கிழமைன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

மாநில அளவுல பாத்தா, டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்த வரி 2023-24ல 45,855 கோடி, அதுக்கு அடுத்த வருஷம் 48,344 கோடி. சொந்த வரி வருமானத்துல ஏறத்தாழ நாலுல ஒரு பங்கு. உரிமைத் தொகை அப்ப 1 கோடியே 15 லட்சம் பேருக்கு, ஆளுக்கு வருஷம் பன்னண்டாயிரம், பெருக்கினா 13,800 கோடி. சித்தப்பா வகையறா கட்டறதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகல. இந்த மாதிரி பாத்தா அவர் சொன்னது குறைச்சல்னு கூட சொல்லலாம், உரிமைத் தொகை மட்டுமில்ல, காலை உணவு, ஃப்ரீ பஸ் எல்லாத்துக்கும் சேத்தே அவர் மீசைய முறுக்கலாம்.

ஆனா அரசாங்கக் கணக்கு அப்படி ஓடறது இல்ல. அரசியல் சட்டத்துல 266வது பிரிவு, வர்ற வரியெல்லாம் தொகுநிதின்னு ஒரே கல்லால போய் விழணும், சட்டசபை ஒத்துக்காம அதுல இருந்து ஒரு பைசா வெளிய எடுக்க முடியாது. ஏரிக்கு நாலு வாய்க்கால்ல தண்ணி வருது, மதகுல போறது எந்த வாய்க்கா தண்ணின்னு எவனால சொல்ல முடியும்? சித்திக்கு போன ஆயிரத்துல ஒரு பங்கு எங்க மளிகைக்கடைக்காரர் கட்டின ஜிஎஸ்டியா இருக்கலாம், யாரோ கார் வாங்கினப்ப கட்டின ரோடு டாக்ஸா இருக்கலாம். ஆக சித்தப்பா சொன்னது தப்புன்னு ஒரு முடிவுக்கு வந்தேன். வந்தும் திருப்தியில்ல, ஏன்னா நாலு வாய்க்கால்ல ஒண்ணை அடைச்சா ஏரி வத்தும்ங்கறது மாறப்போறது இல்லையே.

மாப்பிள்ளைக்கு பதிலா வந்த தோழன்

இதுல எங்க ஜில்லாவுக்குன்னு ஒரு தனிக் கதை இருக்கு. நாட்டுல விற்பனை வரி எப்படி வந்துச்சுன்னு தேடிட்டு போனா அது சுத்தி வந்து கடைசில சேலத்து சாராயக்கடை வாசல்லதான் நிக்குது.

1937ல ராஜாஜி சென்னை மாகாணத்துக்கு பிரதமர் ஆனாரு (அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க). வந்த கையோட அக்டோபர் 1ம் தேதி மதுவிலக்கு, அதுவும் முதல்ல சேலம் ஜில்லாவுல மட்டும், அவரோட சொந்த ஜில்லாவாச்சே. அடுத்த வருஷம் சித்தூர், கடப்பா, அதுக்கப்புறம் வட ஆற்காடு. கள்ளு சாராய ஏலத்துல வந்துட்டு இருந்த காசு அன்னிக்கு மாகாணத்தோட பெரிய வருமானங்கள்ல ஒண்ணு, அதை விட்டா ஓட்டையை எதை வெச்சு அடைக்கறது? அதுக்குத்தான் 1939ல பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தாரு. எல்லா சரக்குக்கும் பொதுவா ஒரு விற்பனை வரின்னு இந்தியாவுல போட்டது அதுதான் முதல் தடவை. நூறு ரூபா வியாபாரத்துக்கு ஒரு ரூபா கூட வராத சின்ன வரி, அதுக்கே வியாபாரிங்க பெரிய எதிர்ப்பு. இன்னிக்கு நான் பொழைக்கற பொழப்புக்கு தாத்தா அந்த சட்டம்தான்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. குடிக்கற காசு வேணாம்னு சொன்ன ஒரு ஆளு, அதுக்கு ஈடா போட்ட வரியில இருந்துதான் என் வீட்டு அடுப்பு எரியுது.

ஆனா பாருங்க, 1939 கடைசில உலகப்போர் பிரச்சனைல ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு, யுத்த காலத்துலயே மதுவிலக்கையும் நிறுத்தி வெச்சாங்க, வரியை மட்டும் யாரும் நிறுத்தல. 1948ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு திரும்ப வந்துச்சு, 1971ல கலைஞர் எடுத்தாரு, 1974ல அவரே போட்டாரு, 1981ல எம்ஜிஆர் எடுத்தாரு, 1983ல டாஸ்மாக் கம்பெனி வந்துச்சு, 2003 நவம்பர்ல ஜெயலலிதா சில்லறைக் கடைகளையும் அரசு கைக்கே கொண்டு வந்துட்டாங்க. இவ்வளவு அலைச்சலுக்கும் நடுவுல விற்பனை வரி பாட்டுக்கு வளந்துட்டே இருந்துச்சு, 1959ல புதுச் சட்டம், 2007ல வாட். மாப்பிள்ளைக்கு பதிலா வந்த தோழன் வீட்டோட தங்கிட்டான், அப்புறமா மாப்பிள்ளையும் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான், இப்ப ரெண்டு பேருக்கும் சோறு போடறோம்.

கையில மிச்சம் இருக்கற குழாய்

நான் ரொம்ப நாளா சொல்லிட்டு திரிஞ்சது, "மனசு வெச்சா ஒரே ராத்திரில மூடலாம், இவங்களுக்கு மனசு இல்ல." 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம் அந்த பேச்சு அவ்வளவு சுலபம் இல்லன்னு இப்பதான் உறைக்குது, அதுவும் ஜிஎஸ்டியை வெச்சே சம்பாதிக்கறவனுக்கு. ராஜாஜி பண்ணின வேலையை இன்னிக்கு இருக்கற எந்த முதலமைச்சராலயும் பண்ண முடியாது. சரக்கு காசு வேணாம், அதுக்கு பதிலா பொது விற்பனை வரியை அரை சதவீதம் ஏத்திக்கறேன்னு சொல்ற அதிகாரம் மாநிலத்துக்கிட்ட இப்ப இல்ல. அரசியல் சட்டத்தோட 101வது திருத்தத்துல அதை ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அங்க ஓட்டுல மூணுல ஒரு பங்கு மத்திய அரசோடது, மிச்ச ரெண்டு பங்கு எல்லா மாநிலத்துக்கும் சேத்து, ஒரு முடிவு பாஸ் ஆக முக்கால்வாசி ஓட்டு வேணும். அதாவது டெல்லி தலையாட்டாம ஒண்ணும் அசையாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து நெய், வெண்ணெய் 12ல இருந்து 5க்கு வந்துச்சு, ஷாம்பு, பேஸ்ட் 18ல இருந்து 5. ஜனங்களுக்கு நல்லதுதான், நானும் ரெண்டு ராத்திரி தூங்காம கடை கடையா பில் போடற டேலி சாஃப்ட்வேர்ல ரேட் மாத்திக் குடுத்தேன். ஆனா இதுல மாநிலத்தோட பங்கு எவ்வளவு குறையும், அதை எங்க போய் சரிக்கட்டறதுன்னு ஒரு மாநிலம் தனியா முடிவெடுக்க முடியாது. வருஷம் 14 சதவீதம் வளர்ச்சிக்கு கேரண்டின்னு மத்திய அரசு குடுத்துட்டு இருந்த இழப்பீடும் 2022 ஜூன்லயே முடிஞ்சு போச்சு.

அப்ப கோட்டையில உக்காந்துட்டு அவங்களாவே திருகறதுக்கு எந்தெந்த குழாய்தான் மிச்சம்? சரக்கு, பெட்ரோல் டீசல், பத்திரப்பதிவு, வண்டி வரி, கரண்ட் வரி. பெரிய குழாய்னா இவ்வளவுதான். பெட்ரோலை தொட்டா எல்லா விலையும் ஆடும், 2021 ஆகஸ்ட்ல லிட்டருக்கு மூணு ரூபா குறைச்சதுக்கே வருஷம் 1,160 கோடி நஷ்டம்னு பட்ஜெட்லயே சொன்னாங்க. மத்திய அரசு பெட்ரோல்ல எடுக்கறதுல நமக்கு பங்கு வருமேன்னு ஒருத்தர் கேட்டாரு. 2022 மே மாசம் குறைச்சதுல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் லிட்டருக்கு 19 ரூபா 90 காசு கலால் வரி, அதுல மாநிலங்களோட பங்கு போடற கணக்குல வந்தது 1 ரூபா 40 காசு மட்டும். மீதி எல்லாம் செஸ்ஸு, ஸ்பெஷல் வரின்னு வேற பேர்ல. பங்கு போடறதுலயும் 41 சதவீதம் எல்லா மாநிலத்துக்கும், அதுல நமக்கு 4.079 சதவீதம், 2026 மார்ச் வரைக்கும்னு 15வது நிதிக்குழு வகுத்தது. ஒரு ரூபா அந்த பொதுக் கணக்குல விழுந்தா தமிழ்நாட்டுக்கு வர்றது ஒண்ணே முக்கா பைசா கூட இல்ல. அதனாலதான் திருகறதுக்கு லேசான குழாய் எதுவோ அதையே திருகறாங்க. 2016ல 500 கடை மூடினாங்க, 2017ல 500, 2023ல 500. கடை குறைஞ்சுச்சு. வருமானம் மட்டும் 2003-04ல 3,639 கோடியா இருந்தது இன்னிக்கு எங்க நிக்குதுன்னு மேலயே சொல்லிட்டேன்.

மஞ்சப்பை

2025 பொங்கலுக்கு போனப்ப, இதுல அது வரைக்கும் நடந்ததை எல்லாம் சித்தப்பாகிட்ட ஒரு பிரசங்கமாவே நடத்திட்டேன். திண்ணையில உக்காந்து கரும்பு கடிச்சுட்டே கேட்டாரு, அன்னிக்கு என்னமோ குடிக்கல. நான் சொன்னது இதுதான், நீங்க கட்டறது இந்த ஸ்டேட்லயே ரொம்ப அநியாயமான வரி, பணக்காரன் சம்பாத்தியத்துல இது ஒரு துளி, உங்க கூலியில இது மூணுல ஒரு பங்கு, அதனால பெருமையா பேசாதீங்க. ஏதோ அவர் கண்ணைத் தொறந்துட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

சக்கையை துப்பிட்டு கேட்டாரு. "அதெல்லாம் சரி கண்ணு. நீயி அந்த மனை வாங்குனியே, அதுக்கு எவ்ளோ வரி கட்டுன?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா அந்த பத்திரத்துல சாட்சி கையெழுத்து போட்டதே அவருதான். 2022ல நானும் அண்ணனும் சேந்து வாங்கின மனை, பேசின விலை 14 லட்சம். கைடுலைன் வேல்யூ, அதாவது அந்த இடத்துக்கு அரசாங்கம் வெச்சிருக்கற மதிப்பு, 6 லட்சம்தான் வந்துச்சு, பத்திரத்துல 6ன்னே போட்டோம், அது பேங்க்ல போச்சு. மீதி 8 லட்சம் கேஷ். அந்த கேஷை ஒரு மஞ்சப்பையில போட்டு, மேல ரெண்டு சீப்பு வாழைப்பழத்தை வெச்சு, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு வந்தது சித்தப்பா. படிச்ச எங்க ரெண்டு பேரையும் விட அவரை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அண்ணன் போட்ட ஐடியா அது. அப்ப முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 88,000 ரூபா நாங்க கட்டல. அன்னிக்கு ராத்திரி அதை மிச்சம் பண்ணிட்டோம்னு ஓட்டல்ல பிரியாணி சாப்ட்டோம். திருட்டுன்னு எங்க மூணு பேருக்குமே தோணல, பத்திரம் எழுதறவர்ல இருந்து விக்கற பார்ட்டி வரைக்கும் யாருக்குமே தோணல, எல்லாரும் பண்றதுதானே.

"நான் ஒரு நாளாச்சும் கடைல போயி பாதிக்கு பில்லு போடு, மீதிய கையில குடுக்கறேன்னு சொன்னதுண்டா?" சித்தப்பா கோவமா கேக்கல, சிரிச்சுட்டேதான் கேட்டாரு, அதுதான் இன்னும் வலிச்சுச்சு. உள்ள இருந்து சித்தி குரல், "பெரிய உத்தமரு, அவங்க விட்டா இவரு கேக்க மாட்டாராக்கும்." அதுவும் நியாயம்தான். ஆனா அவங்க விட மாட்டாங்க, அங்கதான் விஷயமே இருக்கு. அந்த வரி பாட்டில் மூடிக்குள்ளயே உக்காந்திருக்கு, காசு குடுக்காம மூடி திறக்காது. என் வரி அப்படியில்ல, நான் வாயத் தொறந்து எவ்வளவுன்னு சொன்னாதான் உண்டு.

வீட்டுக்கு வந்து பண்ணக்கூடாத ஒரு கணக்கை போட்டு பாத்தேன். குவார்ட்டருக்கு 70 ரூபா வரின்னு வெச்சா, 88,000க்கு 1,257 குவார்ட்டர். மாசம் இருபத்தஞ்சுன்னா நாலு வருஷத்துக்கும் மேல. நாங்க ஒரு நாள்ல ரெஜிஸ்டர் ஆபீஸ்ல விட்டதை சித்தப்பா நாலு வருஷம் குடல் வெந்து அடைக்கணும். சரி, நேரா எங்க ஓட்டையை அவர் அடைக்கறாருன்னு சொல்ல முடியாது, ஏரி வாய்க்கால் கதையை நானேதான் மேல சொன்னேன். ஆனா ஏரில தண்ணி குறைஞ்சா எந்த வாய்க்காலை அகலப்படுத்துவாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும், உங்களுக்கும் தெரியும். 2017 ஜூன்ல கைடுலைன் வேல்யூவை 33 சதவீதம் குறைச்சாங்க, பதிவுக்கட்டணத்தை 1ல இருந்து 4 ஆக்கினாங்க. 2023 ஏப்ரல்ல மதிப்பை பழையபடி ஏத்திட்டு கட்டணத்தை 2க்கு கொண்டு வந்தாங்க. அந்த ஏப்ரல்ல எங்க வாட்ஸப் குரூப் கொதிச்ச கொதி இருக்கே, நடுத்தர மக்கள் வயித்துல அடிக்கறாங்கன்னு நானே ஒரு ஃபார்வர்டு போட்டேன். அடுத்த பிப்ரவரில குவார்ட்டருக்கு பத்து ரூபா ஏறினப்ப அதே குரூப்ல வந்தது எல்லாம் மீம்ஸ். குடிக்கறவங்களுக்குன்னு ஒரு சங்கம் கூட இருக்கு, அவங்க பேட்டி குடுத்தா நாம பாத்து சிரிச்சுட்டு அடுத்த வீடியோவுக்கு போயிடறோம்.

அதுக்காக கடை இருந்துட்டு போகட்டும்னு நான் சொல்ல வரல. சித்தப்பா கால் வீங்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு, ஆஸ்பத்திரி செலவு அவர் கட்டின வரியை எப்பவோ தாண்டிடுச்சு, அந்த செலவு எந்த பட்ஜெட் கணக்குலயும் வராது, சித்தியோட தோட்டுல வரும். பஸ் ஸ்டாப் கடையும் இன்னும் அங்கயேதான் இருக்கு. நான் மாத்திக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, மனசு இல்லங்கற அந்த பேச்சை விட்டுட்டேன். அப்படி சொல்றதுக்கு முன்னாடி எனக்கு அந்த மஞ்சப்பை ஞாபகம் வந்துடுது.

இப்ப மாமனார் அவரோட காலி மனை ஒண்ணை விக்கறாரு, எல்லாத்தையும் நான்தான் முன்ன நின்னு பாக்கறேன். பத்திரம் எழுதறவர் ஃபோன் பண்ணினாரு, ரெண்டு கேள்வி. வேல்யூ என்ன போடறது, கைடுலைனுக்கே முடிச்சுடலாமா, வாங்கற பார்ட்டி அதைத்தான் விரும்பறாங்க. அப்புறம் சாட்சிக்கு யாரை கூட்டிட்டு வர்றீங்க. ரெண்டாவதுக்கு சித்தப்பான்னு உடனே சொல்லிட்டேன். முதல் கேள்விக்கு மாமனார்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு சொல்றேன்னேன். நாலு நாள் ஆச்சு, அவரும் ரெண்டு மிஸ்டு கால் குடுத்துட்டாரு.